ஒரே கார், எதிரெதிர்த் தீர்ப்புகள்: ஃபிஸ்கர் கர்மா விமர்சனங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிஸ்கர் கர்மா என்ற சொகுசு பிளக்-இன் ஹைப்ரிட் காரை, அதாவது மின்இணைப்பில் சார்ஜ் ஏற்றி ஓட்டக்கூடிய, பெட்ரோல் இன்ஜினும் உள்ள காரை, 2011இல் பத்திரிகைகள் கொண்டாடின. 2012இல் அதே கார் ஒரு சோதனைத் தளத்தில் அசையாமல் நின்று, லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டது. அன்றுமுதல் இந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. விமர்சகர்களில் ஒரு சாரார் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் எல்லோரும் தாங்கள் கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனால் கண்டது ஒன்றாக இல்லை. அது எப்படி என்பதை விளக்கவே இந்தக் கேள்வி பதில்கள்.

முதலில், இது என்ன கார்?

ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தில் வடிவமைப்புத் தலைவராக இருந்த டென்மார்க்காரர் ஹென்ரிக் ஃபிஸ்கர், 2007இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் கார். 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வடிவம் காட்டப்பட்டது. வாடிக்கையாளர் கைக்கு வந்து சேர்ந்தது 2011இல். ஃபின்லாந்தின் உசிகாப்புங்கி நகரில் உள்ள வால்மெட் ஆலையில் தயாரானது.

நான்கு கதவு, நான்கு இருக்கை, ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், 22 அங்குலச் சக்கரங்கள், சுமார் 2,400 கிலோ எடை. பின்சக்கரங்களை இரண்டு மின்மோட்டார்கள் சுழற்றுகின்றன. இரண்டும் சேர்ந்து 403 குதிரைத்திறன். 20 கிலோவாட்-மணி அளவுள்ள லித்தியம் பேட்டரியை ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனம் கொடுத்தது. முன்னால் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் உண்டாக்குவது மட்டுமே அதன் வேலை. கீழே வரும் பல பதில்களுக்கு இந்த ஒரு செய்திதான் திறவுகோல்.

அமெரிக்காவில் 2012இல் விலை சுமார் 1,02,000 டாலரில் தொடங்கி 1,16,000 டாலர் வரை சென்றது.

விமர்சனங்கள் உண்மையிலேயே அவ்வளவு முரண்பட்டனவா?

ஆம். பிரிட்டனின் டாப் கியர் பத்திரிகை 2011ஆம் ஆண்டின் சிறந்த சொகுசு காராக கர்மாவைத் தேர்ந்தெடுத்தது. டைம் இதழ் அந்த ஆண்டின் 50 சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அமெரிக்காவின் ஆட்டோமொபைல் பத்திரிகை 2012ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்று விருது கொடுத்தது.

மறுபக்கம், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க இதழ் தன் சொந்தப் பணத்தில் 1,07,850 டாலருக்கு ஒரு கர்மாவை வாங்கியது. 2012 மார்ச்சில், 320 கிலோமீட்டர்கூட ஓடியிராத நிலையில், அது நின்றுபோனது. பழுது நீக்கி, பல மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு செப்டம்பரில் முழு மதிப்பீட்டை வெளியிட்டது. அதில் கர்மா தேறவில்லை.

பாராட்டியவர்கள் விலைபோய்விட்டார்களா?

இப்படிச் சொல்வதற்கு எந்த ஆதாரத்தையும் நான் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பார்த்த கார் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதிய கார் ஒன்றின் அறிமுக ஓட்டத்துக்குப் பத்திரிகையாளர்களை அழைப்பது தயாரிப்பாளர். காரைக் கொடுப்பது அவர். எந்தச் சாலை, எந்த நேரம் என்று திட்டமிடுவதும் அவர். அந்தக் காரை முந்தைய நாள் பொறியாளர்கள் சரிபார்த்திருப்பார்கள், பேட்டரி நிறைந்திருக்கும். சில மணி நேரம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அறிமுகத்துக்கு முன்பே ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது இறுதி வடிவத்தை எட்டாத கார். அதில் ஒரு திரை உறைந்தாலும், ஒரு விளக்கு தவறாக எரிந்தாலும், விற்பனைக்கு வருவதற்குள் திருத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுபவர் அதைக் கடந்துபோகிறார். அந்தத் தாராளம்தான் இங்கே பிழையானது என்பேன். திருத்தப்படும் என்று எதிர்பார்த்தவை திருத்தப்படாமலே கடைக்கு வந்தன.

விருதுகள் எதற்குத் தரப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். வடிவமைப்பு விருது வடிவமைப்புக்குத் தரப்பட்டது. அந்த விருதுக்கு கர்மா தகுதியான கார்தான். இன்றும் ஒரு கர்மா சாலையில் போனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பது கடினம். தாழ்ந்த கூரை, நீண்ட முகப்பு, சக்கரங்களின் மேல் எழும்பி இறங்கும் அந்த உடல் வளைவு... அதைக் கண்டு மயங்கியவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதனைத் தளத்தில் நடந்தது என்ன?

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற அமைப்பின் இதழ். விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைத் தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரண வாடிக்கையாளர் போலவே விற்பனையகத்தில் வாங்குகிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் அவர்களுக்குச் சொந்தச் சோதனைத் தளம் இருக்கிறது. அளவீடுகளைத் தொடங்குவதற்கு முன் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். கர்மா அந்தத் தொடக்கக் கட்டத்திலேயே எச்சரிக்கை காட்டி முடங்கியது. மறுபடி நகர மறுத்ததால் விற்பனையகத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பேட்டரி மாற்றப்பட்டது.

கவனியுங்கள், கடுமையாக ஓட்டி உடைத்துவிடவில்லை. சோதனை என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது தொடங்கவே இல்லை.

பிறகு வந்த மாதங்களில் டாஷ்போர்டு, கண்ணாடி ஏற்றி இறக்கும் அமைப்பு, மின்னமைப்பு என்று வெவ்வேறு இடங்களில் கோளாறுகள் வந்ததாக இதழ் எழுதியது. அதே மதிப்பீட்டில் வேறு சிலவும் இருந்தன: கையாளும் தன்மை, பயண வசதி, பிரேக், உள்ளலங்காரத்தின் தரம் ஆகியவை பாராட்டப்பட்டிருந்தன. எதிர்மறை விமர்சனத்துக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டும் அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே, டாப் கியர் விரும்பிய கார் தெரிகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஒரே ஒரு கார் பழுதானதை வைத்து மாடலையே ஒதுக்கலாமா?

பொதுவாக, கூடாது. எந்த நிறுவனத்தின் காரிலும் ஒன்று மோசமாக அமைந்துவிடலாம். பத்திரிகை வாங்கியது அந்த ஒன்றாக இருக்கலாம். கர்மாவை ஆதரித்தவர்கள் அப்போது இந்த வாதத்தைத்தான் முன்வைத்தார்கள், நியாயமான வாதம்.

ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எப்போது பொருந்தும்? எல்லா அரிசியும் ஒரே பானையில் ஒரே நெருப்பில் வெந்திருந்தால் பொருந்தும். இங்கே அதுதான் நடந்திருந்தது. அதே மார்ச் மாதத்தில் ஏ123 நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மிச்சிகன் மாநிலம் லிவோனியா ஆலையில் தயாரான சில பேட்டரி செல்களில் குறைபாடு இருக்கிறது, ஒரு தானியங்கி வெல்டிங் இயந்திரத்தின் அமைப்பு தவறியதே காரணம், மாற்றிக்கொடுக்க 5.5 கோடி டாலர் ஆகும். அதற்கும் முன்னால், 2011 டிசம்பரில், பேட்டரியைக் குளிர்விக்கும் குழாய்களின் கவ்விகள் சரியாகப் பொருந்தாததால் 239 கர்மாக்கள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன.

ஆக, அந்த ஒரு கார் தனி விபத்து அல்ல. ஆனால் மார்ச் மாத முதல் செய்தியைப் படித்த அன்றைக்கு அதைச் சொல்ல முடிந்திருக்காது. முதல் நாள் எச்சரிக்கையாக இருந்தவரும் சரி, இரண்டு வாரம் கழித்துக் கருத்தை மாற்றிக்கொண்டவரும் சரி, இருவருமே முறையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

வேகத்தைப் பற்றி ஒருவர் புகழ, இன்னொருவர் மந்தம் என்கிறாரே?

கர்மாவில் இரண்டு ஓட்ட முறைகள் உண்டு. ஸ்டெல்த் என்ற முறையில் பேட்டரி மட்டும் மோட்டார்களுக்கு மின்சாரம் தருகிறது, இன்ஜின் உறங்குகிறது. ஸ்போர்ட் முறையில் பேட்டரியும் ஜெனரேட்டரும் சேர்ந்து தருகின்றன. முழுத்திறன் அப்போதுதான் வெளிப்படும். மணிக்கு 97 கி.மீ. வேகத்தை எட்ட ஸ்போர்ட் முறையில் 5.9 வினாடி, ஸ்டெல்த் முறையில் 7.9 வினாடி என்று நிறுவனமே சொன்னது. உச்ச வேகமும் அப்படியே: 200 கி.மீ., 153 கி.மீ.

இரண்டு வினாடி வித்தியாசம் என்பது இரண்டு வேறு கார்கள் அளவுக்கு வித்தியாசம். எந்த முறையில் ஓட்டினேன் என்று எழுதாத விமர்சகர், எந்தக் காரை ஓட்டினேன் என்றே எழுதவில்லை என்றுதான் பொருள்.

எரிபொருள்: 100 கிலோமீட்டருக்கு 2.2 லிட்டரா, 12 லிட்டரா?

இரண்டும் அச்சில் வந்த எண்கள். இரண்டுமே முறையான அளவீட்டிலிருந்து பிறந்தவை. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான் என்பதால் பொறுமையாகப் பார்ப்போம்.

ஐரோப்பிய விதிமுறைப்படி அளந்தபோது கர்மாவின் மின்சாரத் தூரம் (பேட்டரியில் மட்டும் ஓடும் தூரம்) 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. எரிபொருள் செலவு 100 கிலோமீட்டருக்குச் சுமார் 2.2 லிட்டர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அளந்தபோது மின்சாரத் தூரம் 32 மைல், அதாவது 51 கிலோமீட்டர். பேட்டரி தீர்ந்த பிறகு ஒரு கேலனுக்கு 20 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர், அல்லது 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11.8 லிட்டர். பேட்டரியில் ஓடும்போதைய செலவையும் முகமை பெட்ரோலுக்கு இணையாக மாற்றிக் காட்டியது: கேலனுக்குச் சமமாக 52 மைல். 33.7 கிலோவாட்-மணி மின்சாரத்தை ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமாக வைத்துப் போட்ட கணக்கு அது.

2.2 எப்படி வந்தது? அப்போதைய ஐரோப்பிய விதி ஓர் அனுமானத்தைச் செய்தது: ஒருவர் நிறைந்த பேட்டரியுடன் புறப்படுவார், அது தீர்ந்த பிறகு 25 கிலோமீட்டர் மட்டும் பெட்ரோலில் ஓட்டுவார், உடனே மீண்டும் சார்ஜ் ஏற்றுவார். 83 கிலோமீட்டர் மின்சாரம், 25 கிலோமீட்டர் பெட்ரோல், ஆக 108 கிலோமீட்டர். அந்த 25 கிலோமீட்டருக்கு ஆகும் ஏறத்தாழ 2.4 லிட்டரை 108 கிலோமீட்டர் முழுவதிலும் பரப்பிவிட்டால் 2.2 வந்துவிடும். கணக்கு சரி. ஆனால் அப்படி ஓட்டுபவருக்கு மட்டும் சரி.

இப்போது அமெரிக்க எண்களை வைத்து மூன்று விமர்சகர்களைக் கற்பனை செய்து பாருங்கள். முதலாமவர் நிறைந்த பேட்டரியுடன் 45 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை என்று வியந்து எழுதுகிறார். இரண்டாமவர் 76 கிலோமீட்டர் ஓட்டுகிறார். கடைசி 25 கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர் ஆகிறது; 100 கிலோமீட்டருக்கு 3.9 லிட்டர் என்று பாராட்டுகிறார். மூன்றாமவர் 300 கிலோமீட்டர் நெடும்பயணம் போகிறார். 249 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓடுகிறது. 29 லிட்டருக்கு மேல் செலவாகிறது. 100 கிலோமீட்டருக்கு 9.8 லிட்டர் குடிக்கும் கார் என்று கண்டிக்கிறார். நான்காவதாக ஒருவர் தீர்ந்த பேட்டரியுடன் காரைப் பெற்று, சார்ஜ் ஏற்ற இடமில்லாமல் வாரம் முழுதும் ஓட்டினால் அவருக்கு 11.8.

கார் ஒன்றே. ஓட்டுநரின் பழக்கமும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் நீளமும், புறப்படும்போது பேட்டரி இருந்த நிலையும் மட்டுமே மாறின; தீர்ப்பு பூஜ்யத்திலிருந்து 12 வரை போய்விட்டது. சாதாரண பெட்ரோல் காரில் இப்படி நடக்காது. ஒரு பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு ஒற்றை மைலேஜ் எண்ணைச் சொல்வதே தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கர்மாவின் உண்மையான பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. அதே காலத்து செவ்ரோலெட் வோல்ட், 16 கிலோவாட்-மணி பேட்டரியில் 35 மைல் ஓடியது. பேட்டரி தீர்ந்த பிறகு கேலனுக்கு 37 மைல் கொடுத்தது. கர்மாவின் பேட்டரி அதைவிடப் பெரியது, தூரம் குறைவு. காரணம் எடை. 2,400 கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது; அதோடு இன்ஜின் தரும் சக்தி மின்சாரமாகி, மீண்டும் சுழற்சியாக மாறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரைகிறது.

இது பழங்கதை அல்லவா? இன்றைய பிளக்-இன் ஹைப்ரிட்டுகளுக்கு இந்தக் குழப்பம் இல்லையே?

இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021இல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் பதிவுக் கருவிகளின் தகவலைத் திரட்டிப் பார்த்ததில், பிளக்-இன் ஹைப்ரிட்டுகள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வக எண்களைப்போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் ஏற்றவில்லை என்பதே முக்கியக் காரணம். மக்கள் எவ்வளவு தூரத்தை மின்சாரத்தில் ஓட்டுவார்கள் என்ற அனுமானத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் கடுமையாக்கி வருகிறது.

5 மீட்டர் நீளமுள்ள காரை அமெரிக்க அரசு சிறிய கார் என்று வகைப்படுத்தியது உண்மையா?

உண்மை. அங்கே கார்களின் வகை உள்ளே இருக்கும் இடத்தின் கன அளவை வைத்து முடிவாகிறது. கர்மாவின் பேட்டரி காரின் நடுவே முதுகெலும்புபோல் நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதனால் பின்னால் மூன்றாவது ஆள் உட்கார முடியாது. இருபுறமும் உட்காருபவர்களுக்கும் இடம் நெருக்கம். பின்பெட்டியில் சுமார் 200 லிட்டர் இடம்தான்.

முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டிய விமர்சகர், விமானியின் அறைபோல் அணைத்துக்கொள்கிறது என்று எழுதுவார். பின்னிருக்கையில் அமர்ந்தவர் முழங்காலைப் பற்றி எழுதுவார். இதில் முரண்பாடே இல்லை. எந்தக் கதவைத் திறந்து ஏறினார்கள் என்பதுதான் வேறுபாடு.

கூரையில் இருந்த சூரியத் தகடு பயன்பட்டதா?

ஆண்டுக்கு அதிகபட்சம் 320 கிலோமீட்டர் ஓடத்தக்க மின்சாரம் தரும் என்றது நிறுவனம். நாளுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அழகாக இருந்தது.

இன்ஜின் ஓசை பற்றி ஏன் அத்தனை புகார்?

சாதாரணக் காரில் வேகம் கூடக் கூட இன்ஜின் ஒலியும் ஏறும். காது அதற்குப் பழகியிருக்கிறது. கர்மாவில் இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டுவதால், அது எப்போது முழங்கும் என்பதைப் பேட்டரியின் தேவை முடிவு செய்கிறது. உங்கள் கால் அல்ல. அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும் கார் திடீரென்று உறுமும். போதாததற்குப் புகைக்குழாய் பின்னால் போகாமல் முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னேயே, ஓட்டுபவரின் காதுக்கு அருகில் முடிகிறது.

பேட்டரி நிறைந்த காரைப் பகல் முழுதும் ஸ்டெல்த் முறையில் ஓட்டியவர் இந்த ஒலியைக் கேட்டே இருக்கமாட்டார். பட்டுப்போன்ற அமைதி என்று அவர் எழுதியதும், கரகரப்பு என்று இன்னொருவர் எழுதியதும் ஒரே காரைப் பற்றித்தான்.

தீப்பிடித்த செய்திகள் எவ்வளவு உண்மை?

செய்திகள் உண்மை. காரணம் பற்றிய பேச்சில்தான் அவசரம் இருந்தது. மின்சாரம் ஓடும் கார் என்றதுமே எல்லோர் கையும் பேட்டரியை நோக்கி நீண்டது.

2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் உட்சைடு பகுதியில் ஒரு கர்மா தீப்பிடித்தது. ஆராய்ந்ததில் குளிர்விப்பு விசிறி ஒன்றின் உட்கோளாறு காரணம் என்று நிறுவனம் அறிவித்து, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து அந்த விசிறியை மாற்றியது. அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் வந்தபோது நியூ ஜெர்சியின் நியூவார்க் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த கர்மாக்கள் கடல்நீரில் மூழ்கின. அவற்றில் 16 எரிந்துபோயின. உப்புநீர் புகுந்து ஒரு கட்டுப்பாட்டுக் கருவியில் மின்கசிவு ஏற்பட்டது, அதற்கு மின்சாரம் கொடுத்தது எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி என்பது நிறுவனத்தின் விளக்கம்.

ஒரு காரைத் தீர விசாரிக்க வாரங்கள் ஆகும். தலைப்பு எழுத ஒரு நிமிடம் போதும். முதல் நாள் தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் அதன் பெரிய பேட்டரிமீதே பழி போடுகிறார்கள்.

அரசியல் எப்படி விமர்சனத்துக்குள் வந்தது?

2009இல் அமெரிக்க எரிசக்தித் துறை இந்த நிறுவனத்துக்கு 52.9 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. சுமார் 19.2 கோடி டாலர் கொடுத்த பிறகு, இலக்குகள் தவறியதால் 2011இல் மீதியை நிறுத்திவைத்தது. அதே 2011 செப்டம்பரில், அரசின் கடன் உத்தரவாதம் பெற்ற சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனம் திவாலானது. 2012 அதிபர் தேர்தல் ஆண்டு. லாரியில் ஏறிய கர்மாவின் படம் அந்தச் சூழலில் வரிப்பணம் வீணானதற்குச் சாட்சியாகிவிட்டது.

அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான். இறுதியில் அரசுக்குச் சுமார் 13.9 கோடி டாலர் இழப்பு. ஆனால் கடன் கொடுத்தது சரியா என்பதும், கார் நன்றாகத் திரும்புகிறதா என்பதும் வேறுவேறு. அந்த ஆண்டில் வந்த கட்டுரைகளைப் படிக்கும்போது, எழுதியவர் காரில் உட்கார்ந்தாரா என்று முதலில் பாருங்கள். உட்காராமலே எழுதப்பட்டவை நிறைய.

ஒரே பத்திரிகை தன்னோடு தானே முரண்படுமா?

தாராளமாக. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2013இல் டெஸ்லா மாடல் எஸ் காருக்கு 100க்கு 99 கொடுத்தது. 2015இல் அதன் பி85டி வகை சோதனையில் 103 பெற்று அளவுகோலையே தாண்டியது. அளவுகோலைத் திருத்தி 100 என்று வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், உரிமையாளர்கள் அனுப்பிய பழுதுத் தகவல்களைத் தொகுத்த பிறகு, மாடல் எஸ் காருக்குத் தந்திருந்த பரிந்துரையை விலக்கிக்கொண்டார்கள்.

பலர் இதைத் தடுமாற்றம் என்று எண்ணினார்கள். எனக்கு இது நேர்மையாகத் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தால் எப்படி என்பது ஒரு கேள்வி. வைத்துக்கொண்டால் எப்படி என்பது இன்னொன்று. அந்த இதழ் இரண்டையும் தனித்தனியே கேட்டு, தனித்தனியே பதில் சொன்னது. கர்மா விஷயத்தில் முதல் கேள்விக்கு ஒரு சாராரும், இரண்டாவது கேள்விக்கு இன்னொரு சாராரும் பதில் சொன்னார்கள். படித்த நாம் அவற்றை ஒரே கேள்வியின் இரு விடைகளாக எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் விலை உயர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் வாங்க நினைப்பவர் எந்த விமர்சனத்தை நம்புவது?

நான் முதலில் தேடுவது ஒரு வரியைத்தான்: கார் யாருடையது? விமர்சகர் வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா, தயாரிப்பாளர் கொடுத்ததா? தயாரிப்பாளர் கொடுத்த கார் என்பதால் விமர்சனத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஓட்டும் இன்பம், இருக்கை, ஒலித்தடுப்பு ஆகியவற்றைப் பற்றி அதிலிருந்து நிறையக் கற்கலாம். நம்பகத்தன்மையைப் பற்றி மட்டும் அதில் எதுவும் தெரியாது.

அடுத்தது, பேட்டரி தீர்ந்த பிறகு ஓட்டினாரா? இதுதான் பிளக்-இன் ஹைப்ரிட்டின் உண்மையான தேர்வு. நிறைந்த பேட்டரியில் எல்லா பிளக்-இன் ஹைப்ரிட்டும் இனிமையானதுதான். தீர்ந்த பிறகு, மலைச்சாலையில், நால்வர் அமர்ந்து, பெட்டிகள் ஏற்றிய நிலையில் எப்படி ஏறுகிறது, எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது என்று எழுதியவரின் கட்டுரையை நான் இருமுறை படிப்பேன்.

மென்பொருளையும் மறந்துவிடக் கூடாது. கர்மாவின் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி நடுவில் இருந்த தொடுதிரையில் அடங்கியிருந்தது. அது மந்தமானது, குழப்பமானது என்று ஆரம்பகால வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் 2012 முழுவதும் புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்டே இருந்தது. ஜனவரியில் எழுதிய குறை ஜூலையில் இல்லாமல் போகலாம். புதிதாக ஒன்று முளைத்தும் இருக்கலாம். ஆகவே எந்த மாதம் எழுதப்பட்டது என்று பார்க்காமல் இரண்டு விமர்சனங்களை ஒப்பிடக் கூடாது.

பிறகு உங்கள் தினசரித் தூரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டிலோ பணியிடத்திலோ சார்ஜ் ஏற்ற வசதி உண்டா என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த விமர்சனமும் உங்களுக்கானது ஆகாது.

நிறுவனம் என்ன ஆயிற்று?

பேட்டரி தந்த ஏ123 நிறுவனம் 2012 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. பேட்டரி இல்லாமல் உற்பத்தி நின்றது. மொத்தம் 2,500க்கும் குறைவான கர்மாக்களே தயாராகியிருந்தன. 2013 மார்ச்சில் ஹென்ரிக் ஃபிஸ்கர் விலகினார். நவம்பரில் நிறுவனமும் திவாலானது. 2014 பிப்ரவரியில் சீனாவின் வான்சியாங் குழுமம் 14.92 கோடி டாலருக்கு அதன் சொத்துகளை ஏலத்தில் எடுத்தது. ஏ123 நிறுவனத்தையும் வாங்கியது அதே குழுமம்தான். கர்மா ஆட்டோமோட்டிவ் என்ற புதுப் பெயரில் ரெவெரோ என்று அந்தக் காரைத் திருத்தி மீண்டும் விற்றார்கள்.

தங்கள் கர்மாவைப் புகழும் உரிமையாளர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்களா?

இல்லை. தினமும் 40 கிலோமீட்டர் போய்வந்து, இரவில் சார்ஜ் ஏற்றி, வாரக்கடைசிப் பயணத்துக்கு வேறு கார் வைத்திருப்பவரை எண்ணிப்பாருங்கள். கர்மாவை வாங்க வசதியுள்ள பலர் அப்படிப்பட்டவர்கள்தான். அவர் பார்க்கும் கார் அழகானது, அமைதியானது, பெட்ரோல் நிலையத்துக்கே போகாதது. அவருடைய காரில் நல்ல பேட்டரி அமைந்துவிட்டால், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சொன்ன குறைகளில் பின்னிருக்கையும் தொடுதிரையும் மட்டுமே அவர் கண்ணில் பட்டிருக்கும். அவருடைய இன்ஜின், மாதக்கணக்கில் ஒருமுறைகூட முழங்கியிராது.